மாலை ஐந்தரைக்கு ஒரு பஸ் வேண்டும்

முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் ஒரு பெண்ணின் நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, வீட்டில் கூடமாட வேலை செய்துவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்கு வந்து நிற்கிறாள். திருநெல்வேலி வந்து, பஸ் மாறி, கல்லூரிக்குள் நுழையும்போது ஒன்பதைத் தாண்டிவிடுகிறது. அதன்பின் ஐந்து பீரியடோ ஆறு பீரியடோ, காலையில் உட்கார்ந்த அதே பெஞ்சு. ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள். மாணவிகள் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. மூன்றரைக்கு மணி அடித்ததும் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று சொல்ல முடியாது. வீடு சேர ஆறு மணி. முகம் கழுவியதும் பீடித் தட்டு மடிக்கு வந்துவிடுகிறது. அம்மா கடையில் கொடுக்க வேண்டிய எண்ணிக்கை குறைந்தால் கூலியும் குறையும் என்பதால் மகளும் உட்கார்ந்து சுற்றிக் கொடுக்கிறாள். ஒன்பது மணிக்கு மேல் ரெக்கார்டு நோட்டு, அசைன்மென்ட். அதற்கும் மேல் கைபேசி. கண் மூடும்போது பன்னிரண்டு.

கூட்டிப் பாருங்கள். பஸ், வகுப்பு, பீடித் தட்டு, படிப்பு, கைபேசி எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத உட்கார்வு. தூக்கம் ஐந்து மணி நேரம். உடம்பு வேர்க்க விளையாடிய நேரம் என்று எழுத எதுவும் இல்லை. ஒருத்தியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர், களக்காடு என்று எந்தத் திசையிலிருந்து வருகிறவர்களை எடுத்துக்கொண்டாலும், அரை மணி முன்னே பின்னே இருக்குமே தவிர, நாளின் அமைப்பு ஏறக்குறைய இதுதான்.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மூச்சு வாங்கும்படி நடக்கவோ, சைக்கிள் மிதிக்கவோ, ஆடவோ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்துச் சொன்னது. ஓடுவது போன்ற கடுமையான பயிற்சி என்றால் அதில் பாதி போதும். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். உட்கார்ந்திருக்கும் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். கனடா நாட்டார் அதே ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே போய், 24 மணி நேரத்தையும் ஒரே கணக்காக எடுத்துக்கொண்டார்கள்: ஏழு முதல் ஒன்பது மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரத்துக்கு மேற்படாத உட்கார்வு, பொழுதுபோக்குத் திரை மூன்று மணி நேரத்துக்குள். நம் பிள்ளைகளின் நாள் இந்தக் கணக்கில் தூக்கத்திலும் தேறாது, உட்கார்விலும் தேறாது.

பெரியவர்கள் இதற்கு உடனே ஒரு காரணம் சொல்வார்கள்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பல், கையில் எப்போதும் போன். கைபேசி பெரிய பங்கு வகிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை; பின்னால் அதற்கு வருகிறேன். ஆனால் சோம்பல் என்பதை ஏற்க முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பஸ் நெரிசலில் நின்று, படித்து, வந்து பீடியும் சுற்றுகிற பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போய், முந்தைய இரவு வரவேற்பில் பரிமாறி, விடிந்ததும் பந்தியில் இலை போட்டுவிட்டு, அப்படியே முதல் பீரியடுக்கு வந்து உட்காரும் பையன்கள் எத்தனை பேர்! வகுப்பில் அவர்கள் தலை சாயும்போது எழுப்பி நிற்க வைக்கிறோம். அந்த நாள் முழுவதிலும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது நேரம் ஒன்றுதான். அந்த நேரத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது கால அட்டவணையும் பஸ் அட்டவணையும் விடுதி விதிகளும்.

ஓர் ஆராய்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நீரிழிவு ஆய்வின் முதல் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்தது. அதன் உடலியக்க முடிவுகள் 2014-ல் வெளியாயின. 14,227 பேரில் 54.4 சதவிகிதம் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். நகரத்தில் இது 65 சதவிகிதம், கிராமத்தில் 50. அதைவிட என்னை உறுத்துவது வேறொரு வரி. வேலைக்காகவோ எங்காவது போய்ச் சேருவதற்காகவோ இல்லாமல், விளையாட்டு, உடற்பயிற்சி என்று ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்கள் பத்து சதவிகிதத்துக்கும் குறைவு.

இதன் பொருளை நம் ஊரை வைத்து யோசித்தால் விளங்கும். தாமிரபரணிக் கரையில் வயல் வேலை, வாய்க்கால் குளியல், கிணற்று நீச்சல், பள்ளிக்கு நடை, சந்தைக்கு சைக்கிள் என்று பிழைப்போடு சேர்ந்தே உடம்பு அசைந்தது. விளையாட்டுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கும் வழக்கம் பதினைந்து வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு இருந்ததே இல்லை. கல்லூரிப் படிப்பு பிள்ளைகளை அந்த உழைப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அது நல்லது, அதற்காகத்தான் பெற்றோர் பாடுபட்டார்கள். ஆனால் போன உழைப்பின் இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. பெஞ்சை மட்டும் வைத்தோம்.

உட்கார்ந்தே இருப்பதால் என்ன வரும் என்பதை உலகுக்கு முதலில் எண்ணிக் காட்டிய ஆய்வு ஒரு பஸ் ஆய்வுதான். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-ல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க இருக்கையில் இருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தாலும் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போனது குறைவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்து 2016-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஆறுதலான செய்தியையும் சொன்னது: எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்கள்கூட, நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் விறுவிறுப்பாக உடம்பை அசைத்தால், உட்கார்வதால் கூடும் இறப்பு அபாயம் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தையாவது பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

இளம் வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2023-ல் வெளியான அதே நீரிழிவு ஆய்வின் நாடு தழுவிய முடிவுகளின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம். இந்த நோய் ஐம்பது வயதில் திடீரென்று வந்து கதவைத் தட்டுவதில்லை. இருபது வயதில் பழகும் பழக்கத்தில் அதற்கு வேர் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு நிலவரமாக உலக சுகாதார நிறுவனம் தந்த கணக்கில், போதிய உடலியக்கம் இல்லாத இந்தியப் பெண்கள் 57 சதவிகிதம், ஆண்கள் 42 சதவிகிதம். இந்தப் பதினைந்து புள்ளி வித்தியாசத்தை நம் கல்லூரி மைதானங்களில் மாலை நாலரை மணிக்குக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பாளையங்கோட்டையில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர். 1878-ல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி, 1895-ல் பெண்களுக்கென்று வந்த சாராள் தக்கர் கல்லூரி, 1923-ன் தூய சவேரியார் கல்லூரி என்று நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. அண்ணா விளையாட்டு அரங்கம் இருக்கிறது, வ.உ.சி. மைதானம் இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு 500 ஏக்கருக்கு மேல் வளாகம் இருக்கிறது. சென்னையிலோ கோவையிலோ நாலு மாடிக் கட்டடத்தில் படிக்கும் மாணவருக்குக் கிடைக்காத மண் இது. கபடிக்கும் வாலிபாலுக்கும் இந்த மண் ஆள் தந்திருக்கிறது. மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்காகக் கபடி ஆடி, அர்ஜுனா விருது வாங்கிய கணேசன் இந்த ஆற்றுப் பாசனத்துப் பிள்ளை.

ஆனால் மைதானத்தில் யார் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். கல்லூரி அணியில் தேர்வானவர்கள். அவர்களுக்குப் பயிற்சி உண்டு, ஜெர்ஸி உண்டு, போட்டிக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) வருகைப் பதிவு உண்டு. முதலமைச்சர் கோப்பையில் பதக்கம் வாங்கினால் நோட்டீஸ் போர்டில் படம் உண்டு. அவர்கள் ஆடட்டும், ஜெயிக்கட்டும். அணியில் இல்லாத மற்ற எல்லோரும் நாலு மணி பஸ்ஸில் இருக்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் சில ஆயிரம் மாணவர்களுக்கு ஒரே ஓர் உடற்கல்வி இயக்குநர். அவருடைய நேரம் அணிகளுக்கே போதவில்லை. பி.டி. சாரைக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூடப் பேசிப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போகும் மாணவர்கள்தான் அதிகம்.

பஸ் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். எங்கே இந்தப் பேச்சை எடுத்தாலும் மாணவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. பந்தும் வலையும் இருக்கிறது, ஆட ஆசையும் இருக்கிறது. ஆடினால் பஸ் போய்விடும். கல்லூரிகள் சொந்தமாக ஓட்டும் பஸ்களுக்கும் ஒரே நேரம்தான்: மணி அடித்து அரை மணியில் எல்லா வண்டியும் வெளியே போய்விடும். பெண்களுக்கு அரசு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021-லிருந்து இருக்கிறது. அது எத்தனையோ பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்த நன்மையை முழுமையாக்க இன்னும் ஒன்று தேவை: ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் வண்டி. பாளையங்கோட்டையிலிருந்தும் திருநெல்வேலி சந்திப்பிலிருந்தும் அம்பாசமுத்திரம், முக்கூடல், நாங்குநேரி, ஆலங்குளம் திசைகளுக்கு மாலை ஐந்தரைக்கு, மாணவர்கள் நம்பி இருக்கக்கூடிய ஒரு பஸ். நேரம் தவறாமல் வர வேண்டும், நிறுத்தத்தில் நிற்க வேண்டும். ஊரில் இறங்கி நடக்கும் தெருவில் விளக்கு எரிய வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் திருநெல்வேலிக் கோட்டம் கல்லூரி முதல்வர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசினால் ஆகிவிடும் காரியம் இது. புது வண்டி வாங்கவேண்டியதில்லை. இருக்கும் நடைகளை மாற்றி அமைத்தால் போதும்.

நகரத்துக்குள்ளேயே இருக்கும் மாணவர்களுக்கு வேறொரு கதை. தமிழ்நாட்டு அரசு பதினோராம் வகுப்பில் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அந்த சைக்கிள் இரண்டு வருடம் பள்ளிக்குப் போகிறது. கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டுச் சுவரில் சாய்கிறது. ஏன்? கே.டி.சி. நகரிலிருந்தும் பெருமாள்புரத்திலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு சைக்கிளில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் வண்ணார்பேட்டையிலிருந்து முருகன்குறிச்சி வரும் சாலையில் காலை எட்டரைக்கு ஒரு சைக்கிளை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்த நொடியில் எந்த ஹேண்டில்பார் இடிக்கும் என்று. நடக்கலாம் என்றால் நடைபாதை கடைப் பலகைக்கும் பைக்குக்கும் போய்விட்டது. வளாகத்துக்குள் பைக்குகளுக்குக் கூரை போட்ட இடம் இருக்கும். சைக்கிளுக்கு வெயிலில் ஒரு மூலை. திருநெல்வேலி 2017-ல் பொலிவுறு நகரத் திட்டத்தில் தேர்வான ஊர். அத்தனை கட்டுமானம் நடந்த ஊரில் கல்லூரிகளை இணைத்து ஒரு பாதுகாப்பான சைக்கிள் தடம் போடுவது மாநகராட்சிக்கு இயலாத காரியம் அல்ல. அரசு கொடுத்த சைக்கிள் இன்னும் மூன்று வருடம் ஓடினால் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு அன்றாட உடற்பயிற்சி தானாகக் கிடைத்துவிடும்!

ஆற்றைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. குறுக்குத்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் ஒரு தலைமுறைக்கு நீச்சல் கற்றுக் கொடுத்த ஆறு. இன்றைக்கு நகரத்தின் கழிவுநீர் அதில் கலக்கிறது. நீதிமன்றம் வரை போன வழக்கு அது. ஆற்றைச் சுத்தம் செய்யும் கோரிக்கையில் இளைஞர்களின் உடல்நலமும் ஒரு பகுதி என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பெண்கள் விடுதிகளின் நிலைக்கு வருவோம். வெளியூர்ப் பெண்களுக்கு பஸ் தொல்லை இல்லை. அவர்களாவது மாலையில் ஆடலாமே என்று தோன்றும். பல விடுதிகளில் மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்து கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பு முடிந்து, துணி துவைத்து, டீ குடித்துவிட்டு வந்தால் ஐந்தே கால். மார்ச் முதல் ஜூன் வரை பாளையங்கோட்டையில் அந்த நேரத்து வெயிலைச் சொல்லவே வேண்டாம். வெயில் தணியும்போது கதவு சாத்திவிடுவார்கள். ஆண்கள் விடுதியில் அதே ஆறு மணிக்குத்தான் கிரிக்கெட் சூடு பிடிக்கும். பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்கிறார்கள். பாதுகாப்பு வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வளாகச் சுவருக்குள்ளேயே இருக்கும் மைதானத்தில் நாலு விளக்குக் கம்பம் நட்டு, ஒரு பெண் பயிற்சியாளரை நிறுத்தி, ஏழரை மணி வரை திறந்து வைத்தால் பாதுகாப்பும் இருக்கும், விளையாட்டும் இருக்கும். மைதானத்தின் பக்கத்தில் உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிவறையும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத மைதானத்தை எந்தப் பெண்ணும் மாதத்தில் எல்லா நாளும் பயன்படுத்த முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடிவரும் பெண்ணை வெறும் வயிற்றோடு மைதானத்தில் ஓட விடக் கூடாது. ஆகவே கல்லூரி கேன்டீனில் வந்து சேரும் நேரத்துக்கு இட்லி கிடைக்க வேண்டும் என்பதும் இந்தக் கோரிக்கையோடு சேர்ந்ததுதான்.

இந்த மாவட்டத்துக்கு விளையாட்டு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் சாதியின் பெயரால் வெட்டப்பட்டதை நாம் மறக்க முடியாது. அதன்பின் மாணவர்களிடையே சாதிப் பகையைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. ஊர் ஊராக, தெருத் தெருவாகப் பிரிந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகள், வகுப்பிலும் அப்படியே பிரிந்து உட்காருகிறார்கள். ஊர் பார்க்காமல் சீட்டுக் குலுக்கிப் பிரித்த அணிகளில் அவர்கள் மாலைதோறும் ஒன்றாக வாலிபால் ஆடட்டும். பந்தைத் தூக்கிக் கொடுப்பவனும் அடிப்பவனும் ஒருவனை ஒருவன் நம்பியே ஆக வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் நடத்தும் நல்லிணக்க விழாவைவிட இது ஆழமாகப் போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி தூக்கம். இதில் மாணவர்களின் பொறுப்பும் உண்டு. படுத்தபின் கையில் போன் எடுத்தால் ஒரு ரீல்ஸ் நாற்பது ரீல்ஸ் ஆகி மணி ஒன்றாகிவிடுவதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். தூக்கத்தைச் சனி, ஞாயிறில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது அவர்களில் பலரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறு. ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் 61 பேரைக் கவனித்து 2017-ல் வந்த ஆய்வில், தினம் ஒரு நேரம் தூங்கி ஒரு நேரம் எழுந்தவர்களின் மதிப்பெண், ஒழுங்காகத் தூங்கியவர்களைவிடக் குறைவாக இருந்தது. இரு தரப்பாரும் மொத்தத்தில் தூங்கிய நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒழுங்கற்றுத் தூங்கியவர்களின் உடல் கடிகாரம் மூன்று மணி நேரம் அளவுக்குப் பின்தங்கிப் போயிருந்தது. பகல் வெளிச்சம் அவர்கள் மேல் பட்டதும் குறைவு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2003 ஆய்வு இன்னும் கவலை தருவது. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், முழு இரவு விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. ஆனால் தங்களுக்குக் கவனம் குறைந்திருப்பது அவர்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை. நம் பிள்ளைகள் ‘பழகிருச்சு சார்’ என்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் பொருள் இதுதான்.

ஆனால் இரவு பதினொரு மணிக்கு அந்த போனில் என்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், நாளைக் காலை முதல் பீரியடில் அசைன்மென்ட் வைக்க வேண்டும் என்ற அறிவிப்பு. இணையத்தில் பதிவேற்ற இரவு 11.59 வரை அவகாசம் என்ற இணைப்பு. இதைப் போடுகிற ஆசிரியருக்கும் பகலெல்லாம் வகுப்பும் நாக் தர மதிப்பீட்டுக்கான ஆவண வேலையும். இரவில்தான் நேரம் கிடைக்கிறது. அதனால் பழியை ஆசிரியர் மேல் போடுவதில் பயனில்லை. இரவு ஒன்பது மணிக்குமேல் கல்வி தொடர்பான எந்த அறிவிப்பும் மாணவர் குழுக்களில் வரக் கூடாது, எல்லாக் கெடுவும் மாலை ஆறு மணியோடு முடிய வேண்டும் என்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விடட்டும். ஒரு பைசா செலவில்லாமல் அதன் கீழுள்ள நாலு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைக்கும். விடுதிகளில் படிப்பு நேரம் பத்தரையோடு முடிந்து, கூடத்து விளக்கு அணையட்டும். கேட்டரிங் போகும் பையன் போகாமல் இருக்க முடியாது. அவன் குடும்பத்தில் கட்டணத்துக்கு வேறு வழியில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே நூலகத்திலும் ஆய்வகத்திலும் பகல் நேரப் பகுதிநேர வேலை கொடுத்துக் கூலி கொடுக்கலாம்.

வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் மாணவர்களின் உடல்தகுதி, விளையாட்டு, மனநலம் பற்றித் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் சேவை மையம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் கலைக் கல்லூரிகளின் இளநிலைப் பாடத்திட்டத்தில் பகுதி ஐந்து என்று ஒன்று இருக்கிறது, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., உடற்கல்வி எல்லாம் அதில் அடங்கி, அதற்கு ஒரு கிரெடிட்டும் உண்டு. நடைமுறையில் பெயரளவில் ஒரு பட்டியலில் பெயர் சேர்த்து, வருகைப் பதிவை நிரப்பி, கிரெடிட் போட்டுவிடுகிற இடங்கள் உண்டு. தமிழ்நாடு சுகாதாரத் துறை 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப் பாதை வகுத்தது. பெரியவர்கள் நடக்கிறார்கள், நல்லது. மாணவர்கள் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருக்கிறார்கள்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. அதன் ஆட்சிக் குழுவும் கல்விக் குழுவும் முடிவெடுத்தால் மறுநாள் நாலு மாவட்டத்திலும் நடக்கும். கேட்பது பெரிதல்ல. வாரத்தில் மூன்று நாள், கடைசிப் பீரியட், எல்லா மாணவர்களுக்கும் உடலியக்க நேரம். மதிப்பெண் வேண்டாம், போட்டி வேண்டாம். ஓட விரும்புகிறவர் ஓடட்டும், சிலம்பம் சுற்றட்டும், கோகோ ஆடட்டும், வேகமாக நடக்கட்டும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அவர்களுக்கேற்ற பயிற்சி இருக்கட்டும். கால அட்டவணைக்குள்ளேயே வைத்தால் பஸ் தவறும் என்ற பயம் இல்லை. அந்தப் பீரியடை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது, பள்ளியில் பி.டி. பீரியடுக்கு நேர்ந்த கதி இங்கேயும் நேர்ந்துவிடக் கூடாது. மற்ற பீரியடுகளுக்கு இடையே ஐந்து நிமிடம் எழுந்து வெளியே வர அனுமதியுங்கள். முடிந்த இடங்களில் ஆசிரியர் அறை மாறுவதற்குப் பதிலாக மாணவர்கள் அறை மாறட்டும்.

அதோடு நம் பிள்ளைகளின் நாள் எப்படிப் போகிறது என்பதை முறையாக அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த உடலியக்கக் கேள்விப் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. வேலை, பயணம், ஓய்வு நேரம், உட்காரும் நேரம் என்று பதினைந்து இருபது கேள்வி. தூக்கத்தையும் பீடித் தட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். 1965-லிருந்து இயங்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அதன் சமூக மருத்துவத் துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்தால், ஒரு பருவத்துக்குள் எந்தக் கல்லூரியில் எத்தனை மணி நேரம் உட்கார்கிறார்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த முடிவை ஒவ்வொரு கல்லூரியின் வாசலிலும் ஒட்ட வேண்டும். தேர்ச்சி விகிதத்தை விளம்பரத்தில் போடுகிற கல்லூரிகள், தங்கள் மாணவர் எத்தனை பேர் வாரத்தில் 150 நிமிடம் உடம்பை அசைக்கிறார்கள் என்பதையும் போடட்டும். பெற்றோர் அதையும் பார்த்துச் சேர்க்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் ஆறு மணிக்குப் பதில் ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் தெருவில் நாலு பேர் கேட்பார்கள் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. கல்லூரி முதல்வரிடம் கேளுங்கள்: மைதானத்தில் யார் இருப்பார்கள், பஸ் எத்தனை மணிக்கு, வழியில் யார் பொறுப்பு என்று. பதில் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இந்தக் கேள்வியை நாலு பேர் சேர்ந்து கேட்டால் நிர்வாகத்தால் தட்ட முடியாது. மாணவர்களும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஐந்தரை மணி பஸ்ஸுக்காக மனு கொடுக்கலாம். ஊர்வாரியாக எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற பட்டியலை மனுவோடு இணையுங்கள்.

கல்லூரிகள் ஜூனில் திறக்கின்றன. கால அட்டவணையும் கல்லூரி பஸ் நேரமும் அதற்கு முன்பே முடிவாகிவிடும். முடிவான பிறகு கேட்டால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். ஆகவே பல்கலைக்கழக ஆட்சிக் குழுவும் போக்குவரத்துக் கழகமும் மாநகராட்சியும் மே மாதத்துக்குள் கூடிப் பேசி, வாரம் மூன்று பீரியடையும் மாலை ஐந்தரை பஸ்ஸையும் வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.